ஏற்காடு எவ்வளவு தூரம்?

சென்ற முறை எங்கள் செட் ஏற்காட்டில் கூடியபோது, சென்னையிலிருந்து வரவேண்டிய நண்பன் போனில் சொன்னான்: "பிளைட்ல ஒரு மணி நேரம்தானேடா, இதோ வந்துட்டேன்!" அவன் வந்து சேர்ந்தபோது விமானம் தரையிறங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. "மலை ஏறத்தான்டா நேரம் ஆயிடுச்சு" என்றான். அவன் சொன்னதில் இரு நூற்றாண்டுச் சரித்திரமே அடங்கியிருக்கிறது.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அன்று சென்னையிலிருந்து மாட்டு வண்டியில் நாளுக்கு 25 கி.மீ. வந்தாலும் சேலம் சேர இரண்டு வாரம் ஆகும். அதற்குமேல் மலைப்பாதையில் குதிரை அல்லது டோலி. 1861-ல் ரயில் சேலத்தைத் தொட்டது. இரண்டு வாரம் ஒரு நாளுக்குள் சுருங்கியது. நம்மில் பலருக்குப் பழக்கமான ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிப் படுத்தால், விடியுமுன் சேலம். பெயர்தான் ஏற்காடு, ரயில் மலை ஏறுவதில்லை!

காமலாபுரத்தில் 1993-ல் விமான நிலையம் அமைந்தது. 2018 மார்ச்சில் 'உடான்' திட்டத்தில் சென்னை விமானம் வந்தது; இடையில் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. சென்னைக்கும் காமலாபுரத்துக்கும் வான்வழித் தூரம் சுமார் 265 கி.மீ. காமலாபுரத்திலிருந்து ஏற்காடு, காகம் பறக்கும் கணக்கில் சுமார் 16 கி.மீ.தான். சாலையிலோ நாற்பதுக்கு மேல்!

ஏன் இப்படி? இது நம் பாடக் கணக்குதான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கீழே சமவெளி சுமார் 300. ஏற வேண்டியது 1,200 மீட்டர். 20 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் என்று வைத்தால் 24 கி.மீ. சாலை வேண்டும். அந்த நீளத்தைச் செங்குத்தான சரிவில் எங்கே வைப்பது? மடித்து மடித்துத்தான் வைக்க வேண்டும். அந்த மடிப்புகள்தான் நாம் வாந்தி எடுத்துக்கொண்டே எண்ணிய 20 கொண்டை ஊசி வளைவுகள். எத்தனை வேகமான வாகனம் வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

நமக்கு இது ஒரு நாள் உல்லாசப் பயணம். மலையில் வாழ்பவர்களுக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக இதுதான் முக்கிய வழி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து இந்தச் சாலையில் போக்குவரத்து நின்றது. அன்று சேலம் 30 கி.மீ. தூரம் என்று மலையில் யாரும் சொல்லியிருக்க முடியாது. பாதை திறக்கும்வரை எத்தனை நாளோ, அதுதான் தூரம்.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாளை நீங்கள் விமான நிலையம் கட்டலாம், அதிவேக ரயில் விடலாம். சந்தோஷம். ஆனால் பயண நேரத்தை வீட்டு வாசலிலிருந்து வாசல்வரை கணக்குப் போடுங்கள். மழைத் தண்ணீர் வடிய ஒரு நல்ல வடிகால், சரிவைத் தாங்க ஒரு நல்ல தடுப்புச் சுவர்: மலையில் நேரத்தை மிச்சப்படுத்துபவை இவையே.

அடுத்த சந்திப்புக்கு விமானத்தில் வரும் நண்பர்களே, இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்!