கல்லின் மேல் வைத்த ஐஸ்

வடக்குத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன சோதனை செய்து காட்டினேன். நெய்வேலி நகரியத்தை ஒட்டிய ஊர், நான் வளர்ந்த ஊர். அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவர். நான் பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன்.

சோதனை இவ்வளவுதான். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர். ஒன்றில் ஐஸ் கட்டிகள் மிதக்கின்றன. இன்னொன்றில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டும் ஒரு கல், அதன் மேல் அதே அளவு ஐஸ். இரண்டிலும் நீர்மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு. உருகி முடித்ததும் பார்த்தால் முதல் டம்ளரில் கோடு கோடாகவே இருந்தது. மிதக்கும் ஐஸ் தன் எடைக்குச் சமமான தண்ணீரை முன்பே விலக்கிவிட்டது. கல் வைத்த டம்ளரில் தண்ணீர் கோட்டைத் தாண்டியிருந்தது. வடதுருவக் கடலில் மிதக்கும் பனி முதல் டம்ளர் என்றால், கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் நிலத்தின் மேல் கிடக்கும் பனி இரண்டாவது. கிரீன்லாந்துப் பனி மொத்தமும் உருகினால் கடல் சுமார் 7 மீட்டர் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும், ஆனால் உருகல் தொடங்கிவிட்டது.

ஏன் உருகுது என்று கேட்டார்கள். நிலக்கரி எரிக்கிறோம், அந்தப் புகையில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"அப்போ எங்கப்பாதான் ஐஸ உருக்குறாரா சார்?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெல் அடித்ததால் தப்பித்தேன். அவளுக்குத் தர வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அங்கிருந்துதான் நெய்வேலியின் கதை ஆரம்பம். 1956இல் நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது. 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. இருட்டிக் கிடந்த எத்தனையோ கிராமங்களுக்கு லைட் வந்தது இப்படித்தான்.

அதே 1957இல் அமெரிக்காவில் ரோஜர் ரெவெலும் ஹான்ஸ் சூஸும் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பாறைகளில் சேர்ந்த கார்பனை மனிதர்கள் சில நூற்றாண்டுகளுக்குள் காற்றுக்கும் கடலுக்கும் திருப்பி அனுப்புகிறார்கள், இது திரும்பச் செய்ய முடியாத மாபெரும் சோதனை என்பது அவர்கள் வாதம். மறுவருஷமே சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவில் காற்றை அளக்க ஆரம்பித்தார். அன்று பத்து லட்சத்தில் சுமார் 313 பங்கு கார்பன் டை ஆக்சைடு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

அதற்கும் நூறு வருஷம் முன்னால், 1856இல், யூனிஸ் ஃபுட் என்ற பெண் கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்துப் பார்த்தார். இந்த வாயு நிரப்பிய குழாய்தான் அதிகமாகச் சூடேறியது. நம் டம்ளரைப் போலவே எளிமையான சோதனை. ஆக, விஷயம் உலகத்துக்குத் தெரியாமல் இல்லை. மண்வெட்டியோடு வேலைக்கு வந்தவர்களிடம்தான் யாரும் சொல்லவில்லை.

உலகம் இதுவரை எரித்து வெளியேற்றிய கார்பன் டை ஆக்சைடில் அமெரிக்காவின் பங்கு ஏறக்குறைய கால்வாசி. இந்தியாவின் பங்கு நூற்றுக்கு நான்குக்கும் கீழே. இந்தக் கணக்கு நியாயமானதுதான். ஆனால் பனிக்குக் கணக்கு தெரியாது. எங்களூரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் கடலூர்க் கடலுக்கும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்று நான் கொண்டுபோன ஐஸ் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் உறைந்தது. அந்த ஃப்ரிட்ஜுக்கு வரும் கரண்டில் எங்களூர் நிலக்கரியும் உண்டு. என் வேலை நடக்கும் சர்வர்களும் ராத்திரி பகலாகக் கரண்ட் தின்கின்றன.

உங்கப்பா இல்லம்மா. அவர் இந்தச் சோதனையைத் தொடங்கல, அதுக்குள்ள பொறந்தவர். நானும் அப்படித்தான், நீயும் அப்படித்தான். ஆனா கோடு எங்க இருந்துச்சுன்னு இப்ப நமக்குத் தெரியும். தெரிஞ்ச பிறகு அவருக்கு வேற என்ன வேலை குடுக்கப் போறோம்னு கேட்க வேண்டியது அவர்கிட்ட இல்ல, எங்களை மாதிரி ஆளுங்ககிட்ட.