எல்லையோரத் திரையில் நகையும் அச்சமும்

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்தபோது நகையையே முதற்கண் வைத்தார். அச்சம் தோன்றும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கினைக் கூறினார். அயலானை அவர் அப்பட்டியலில் சேர்க்கவில்லை. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு, நம் குடியிருப்பில் சிறியோரும் பெரியோரும் ஓயாது பேசும் பேய்ப்படங்களையும் சிரிப்புப் படங்களையும் குறித்துச் சில எண்ணங்களை இம்மலரில் வைக்கின்றோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்த நமக்குக் கலையாராய்ச்சி தொழிலன்று. எனினும் பிடித்த படத்தைப் பற்றிக் கருத்துக் கூறப் பட்டம் வேண்டுமோ?

1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை பாலக்காடு, சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அந்நாளில் அது கேரளத்தோடு சேர்ந்தது. தமிழர் மிகுந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் அவ்வாறே சேர்ந்து, 1972-இல் அமைந்த இடுக்கி மாவட்டத்தில் இடம்பெற்றன. நிலத்தில் கோடு விழுந்ததேயன்றிப் படச்சுருள்கள் அக்கோட்டை மதிக்கவில்லை. வாளையாற்றுக் கணவாய் வழியாகவும், மலைப்பாதைகள் வழியாகவும் அவை வந்துகொண்டேயிருந்தன.

நகைச்சுவைப் படங்களுள் நாம் தலையாயதாகக் கொள்வது, ஸ்ரீதர் 1964-இல் அளித்த 'காதலிக்க நேரமில்லை'. அதன் காட்சிகள் சில பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் எடுக்கப்பட்டவை. ராமமூர்த்தியோடு சேர்ந்து அதற்கு இசையமைத்த எம். எஸ். விசுவநாதன், நம் பாலக்காட்டு எலப்புள்ளியில் 1928-இல் பிறந்தவர். ஒளிப்பதிவாளர் வின்சென்ட் கோழிக்கோட்டுக்காரர். படம் எடுக்கும் ஆசை தலைக்கேறிய மகன் நாகேஷ், தந்தை பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை மறந்தவர் உண்டோ? திரையில் பேய் இல்லை. வாயாலேயே ஒலிகளை எழுப்பிக் கதை சொல்லும் மைந்தனும், நாற்காலியில் நடுங்கும் தந்தையுமே உளர். அவர் அஞ்ச அஞ்ச, நாம் சிரிக்கின்றோம். அச்சமும் நகையும் உடன்பிறந்தவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

வியப்பு யாதெனில், அதே வின்சென்ட் அதே 1964-ஆம் ஆண்டில் 'பார்கவி நிலையம்' என்னும் மலையாளப் பேய்ப்படத்தை இயக்கினார். கதையும் உரையாடலும் வைக்கம் முகம்மது பஷீருடையவை. பாழ்மனை ஒன்றில் குடியேறும் எழுத்தாளர், அங்கு உலவுவதாகச் சொல்லப்படும் பார்கவியின் ஆவியை அஞ்சி ஓடவில்லை, அன்போடு பேசுகின்றார். அவளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை அறிந்து, அவள் கதையையே எழுதத் தொடங்குகின்றார். அப்படத்தில் தாம் ஏற்ற பாத்திரத்தின் பெயராலேயே குதிரவட்டம் பப்பு என வழங்கப்பெற்ற நடிகர், பின்னாளில் மலையாளத்தின் பெரும் நகைச்சுவையாளரானார். பேய்ப்படம் ஈன்ற பிள்ளை நகைச்சுவையாளர்!

அந்தப் பப்புவே, 1993-இல் பாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' படத்தில், காய்ந்த தரையிலும் நீர் இருப்பதாக எண்ணித் தாவித் தாவி நடந்து நம்மைச் சிரிக்கவைத்தார். ஆனால் அப்படத்தில் அஞ்சவைத்தவள் யார்? தஞ்சையிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் நாட்டியப் பெண் நாகவல்லி. மலையாளம் பேசும் கங்கை மனம் பிறழும்போது தமிழ் பேசுகின்றாள். சோபனாவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த வேடம் அது.

படம் வந்த மறு ஆண்டு, எம் தங்கை பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். தோழியரிடம் தமிழ் பேசியதற்காக 'நாகவல்லி' என்று கேலி செய்தனராம். மெய்ப்பாட்டியலில் நகையின் நிலைக்களன்களுள் எள்ளலே முதலாவது என்பதன் பொருள் அன்று விளங்கிற்று. பள்ளியை இனி மிதிக்கமாட்டேன் என்று அவள் பிடிவாதம் செய்தாள். பக்கத்து வீட்டு முத்தச்சி அவளை மடியில் இருத்தி, “மோளே, பாவம் செய்தது நாகவல்லியல்ல, அவளைக் கொன்ற எங்கள் காரணவர்தான்” என்றார். மறுநாள் தங்கை பள்ளிக்குச் சென்றாள்.

நாமும் குற்றமற்றவரல்லேம். செய்வினை என்றாலே 'மலையாள மாந்திரீகன்' என்று கதை கட்டியவர் நாமன்றோ? இக்கதை 2005-இல் பி. வாசுவின் இயக்கத்தில் 'சந்திரமுகி'யாகத் தமிழுக்கு வந்தபோது, அச்சமூட்டும் நாட்டியப் பெண் தெலுங்கு பேசினாள். 2007-இல் இந்திக்குச் சென்றபோது வங்காளியானாள். வடிவேலு நடுங்குவதைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்த நாம், நம் அண்டை வீட்டாரின் மொழி பேய்மொழியாக்கப்பட்டதை எண்ணினோமில்லை.

இன்னொன்றும் கூறுவோம். நாகவல்லிக்குக் குரல் தந்தவர் துர்கா என்னும் தமிழ்க் கலைஞர் என்பதை, இயக்குநர் பாசில் 2016-இல்தான் வெளிப்படுத்தினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் நாடே கேட்டு நடுங்கிய குரலுக்கு உரியவர் பெயரை நாடு அறியவில்லை. வந்த மண்ணில் உழைத்தும் பெயரறியப்படாத நம்மவர் பலரை இஃது எமக்கு நினைவூட்டுகின்றது.

ஆனால் இவ்விரு பேய்ப்படங்களின் முடிவை ஓர்ந்து நோக்குக. பார்கவியின் கதையை எழுத்தாளர் கேட்டறிந்தார்; நாகவல்லியின் கதையை மருத்துவர் சன்னி தேடியறிந்தார். கதையை அறிந்தவுடன் பேய் மறைந்து, துன்புற்ற பெண்ணே எஞ்சுகின்றாள். அயலார் கதையைக் கேளாதவரைதான் அயலார் பேய்.

2024 ஆகஸ்டில் 'மணிச்சித்திரத்தாழ்' புதுப்பொலிவோடு மீண்டும் திரைக்கு வந்தபோது, தங்கையும் அவள் மகளும் எம்முடன் வந்தனர். பப்பு தாவியபோது அரங்கம் முழுதும் சிரித்தது. அச்சிரிப்பில் தமிழ்ச் சிரிப்பு எது, மலையாளச் சிரிப்பு எது என எமக்குப் பிரித்தறியக் கூடவில்லை. நம் குடியிருப்புப் பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஒருங்கமர்ந்து இப்படங்களைக் காண்பாராக. கண்டபின் நாகவல்லியின் கதையை அவர்களுக்கு நாமே சொல்வோமாக.