ஒரே ஒரு தட்டு

1981. பம்பாய். புதிதாக ஒரு எல்.பி. ரெக்கார்டு கடைக்கு வருகிறது. பெயர், 'அப்செஷன் 77'. வாசித்தவர்கள், 'அடாமிக் ஃபாரஸ்ட்' என்கிற ராக் குழு. தமிழில் சொன்னால், அணுக்காடு.

தட்டின் பெயரிலேயே 77 இருக்கிறது. கடைக்கு வந்ததோ 1981-ல். அதற்குள் குழு கிட்டத்தட்டக் கலைந்தே போயிருந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது மேளக்காரர் வந்து இறங்கின கதை!

அது எந்த நேரம் என்று பாருங்கள். 1980-ல் 'குர்பானி' வந்து, நாஸியா ஹஸன் என்ற சின்னப் பெண்ணின் குரல் நாட்டையே ஆட்டிவைத்திருந்தது. 1981-ல் அவருடைய 'டிஸ்கோ திவானே'. எங்கே பார்த்தாலும் டிஸ்கோ. நம் பக்கத்தில் டீக்கடைக்கு டீக்கடை இளையராஜா. இதற்கு நடுவில் எலெக்ட்ரிக் கிடாரை அலறவிடும் ஒரு கலைந்துபோன கோஷ்டியின் தட்டை யார் சீந்துவார்கள்? ம்ஹூம். வந்த சுவடே தெரியாமல் போய்ச் சேர்ந்தது. அதுதான் அவர்களுடைய முதல் ஆல்பம். கடைசி ஆல்பமும் அதுதான்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

சுமார் 30 வருடம் கழித்து, 2011-ல், அதே இசை மறுபடி வெளியானது. எங்கே தெரியுமா? அமெரிக்காவில். லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்து 'நவ்-அகெய்ன்' என்ற சின்ன நிறுவனம், பழைய தட்டோடு அந்தக் குழுவின் வெளிவராத ஒலிப்பதிவுகளையும் தேடிப்பிடித்து, தூசி தட்டி, வரலாறு எழுதிச் சேர்த்து வெளியிட்டது. 'எழுபதுகளின் இந்தியாவில் இப்படி ஒரு இசையா?' என்று வெளிநாட்டுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். நம்மூர்ப் பத்திரிகைகள் அதற்குப் பிறகுதான் அணுக்காடு பக்கம் திரும்பிப் பார்த்தன.

யார் இவர்கள்?

கீத் காங்கா என்ற பம்பாய்க்காரர்தான் குழுவுக்கு அச்சாணி. பாடகர், மதுகர் சந்திர தாஸ். பம்பாய் நாடக ரசிகர்களுக்கு இந்தப் பெயர் வேறு விதத்தில் ஞாபகம் இருக்கும். அலிக் பதம்ஸி 1974-ல் 'ஜீஸஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' என்ற ராக் இசை நாடகத்தை மேடையேற்றினாரே, அதில் இயேசுவாக நின்று பாடியவர் இவர்தான். அரங்கில் ஏசுநாதர், இரவில் ராக் பாடகர். பம்பாய்க்கு எதுவும் பொருந்தும்.

அன்றைய பம்பாயில் அதற்கொரு கூட்டமும் இருந்தது. 1972-ல் 'லெட் ஸெப்பலின்' குழுவின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் இந்தியா வந்தபோது, கொலாபாவில் 'ஸ்லிப் டிஸ்க்' என்ற சின்ன டிஸ்கோதேக்கில் புகுந்து, அங்கே இருந்த வாத்தியங்களை வாங்கி வாசித்துவிட்டுப் போனார்கள். உலகத்திலேயே பெரிய ராக் குழு, ஒரு கட்டணக் கச்சேரிகூட இல்லாமல், ஓசியில்! அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஆயுசு பூராவும் சொல்லிச் சொல்லித் தீர்த்தார்கள்.

சரி, இத்தனை உற்சாகம் இருந்தும் ஏன் ஒரே ஒரு தட்டு?

நான் படித்தது பி.காம். எனக்கு எல்லாமே வரவு-செலவுக் கணக்காகத்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு எல்.பி. போட வேண்டுமென்றால் முதலில் ஸ்டுடியோ வாடகை. பிறகு ஒலியைத் தட்டில் வெட்டி, அதிலிருந்து உலோக அச்சு எடுக்க வேண்டும். அந்த அச்சில்தான் தட்டை அழுத்துவார்கள். அதற்குப் பிறகு உறை, அச்சுக்கூலி. பத்துத் தட்டு போட்டாலும் பத்தாயிரம் தட்டு போட்டாலும் இந்த முதல் செலவு மாறாது. ஆக, ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டுப்படியாகும். சினிமாப் பாட்டு விற்கும். பக்திப் பாட்டு விற்கும். இந்தியாவில் பிறந்து இங்கிலீஷில் பாடும் ராக் குழுவை யார் வாங்குவார்கள்? கான்வென்ட்டில் படித்த, வீட்டில் ரெக்கார்டு பிளேயர் உள்ள பிள்ளைகள். அவர்களோ அசல் பீட்டில்ஸையே வாங்கிக்கொள்வார்கள். எச்.எம்.வி. அதை இங்கேயே அச்சடித்துக் கொடுத்ததே! பிறகு நகலுக்கு எதற்குக் காசு?

வாத்தியக் கதை இன்னும் மோசம். அது லைசென்ஸ் ராஜ்யம். வெளிநாட்டு எலெக்ட்ரிக் கிடாரை இறக்குமதி செய்வது நடக்கிற காரியமில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர் விற்றுவிட்டுப் போனால் உண்டு. இல்லையென்றால் உள்ளூர் ஆசாரியும் ரேடியோ ரிப்பேர்காரரும்தான் கதி.

இந்தக் கணக்கை உடைத்தது யார் தெரியுமா? ஒரு சிகரெட் கம்பெனி.

'சிம்லா' என்று ஒரு சிகரெட். இம்பீரியல் டொபாக்கோ, அதாவது பிற்பாடு ஐ.டி.சி. என்று பெயர் மாறிய நிறுவனத்தின் தயாரிப்பு. இளைஞர்களை இழுக்க 'சிம்லா பீட்' என்று அகில இந்திய ராக் போட்டி நடத்தினார்கள். இறுதிச்சுற்று பம்பாய் ஷண்முகானந்தா ஹாலில். ஆமாம், தென்னிந்திய சங்கீத ரசிகர்கள் கட்டி எழுப்பின அதே ஷண்முகானந்தா. எம்.எஸ். பாடும் மேடையில் பரட்டைத் தலைகளோடு டிரம்ஸ்!

வென்ற குழுக்களின் பாடல்களைத் தொகுத்து 1970-க்கு ஒன்றும் 1971-க்கு ஒன்றுமாக இரண்டு எல்.பி. போட்டார்கள். விற்க வேண்டிய அவசியமே இல்லை. விளம்பரச் செலவில் எழுதிவிடலாம். கல்கத்தா, ஷில்லாங், பெங்களூர் என்று ஊர் ஊராக வந்த பையன்கள் அதில் வாசித்தார்கள். மெட்ராஸும் உண்டு. 'கன்ஃப்யூஷன்ஸ்' என்று ஒரு மெட்ராஸ் குழு. அந்தப் பெயர் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறதென்றால், அந்த சிகரெட் தட்டில் அவர்கள் பாட்டு இருப்பதால் மட்டும்தான். இந்தத் தட்டுகளையும் பிற்பாடு வெளிநாட்டில்தான் மறுபதிப்பு செய்தார்கள். வழக்கம்போல!

இப்போது இன்னொரு பக்கத்தைப் பாருங்கள்.

'ஹ்யூமன் பாண்டேஜ்' என்று ஒரு குழு. எழுபதுகளில் பெங்களூரை மையமாக வைத்து இயங்கியது. அந்தக் காலத்து ரசிகர்களைக் கேட்டால் நாட்டின் மிகச் சிறந்த ராக் குழுக்களில் ஒன்று என்பார்கள். அதன் டிரம்மர் ரமேஷ் ஷோத்தம், மெட்ராஸில் பிறந்தவர். பிற்பாடு ராக்கை விட்டு நம் தாளத்தின் பக்கம் திரும்பினார். பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனில் சேர்ந்து தவில், கடம், மிருதங்கமெல்லாம் கற்றுக்கொண்டு ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் குடியேறினார். நம்மூர்க் கோயில் தவிலை ஐரோப்பிய ஜாஸ் மேடைகளில் ஏற்றினார். பெரிய சாதனை.

சரி, ஹ்யூமன் பாண்டேஜ் எப்படி வாசித்தார்கள்? அந்த நாள் ரசிகர்கள் சொல்வதை நம்பிக்கொள்ள வேண்டியதுதான். அவர்கள் எல்.பி. போடவே இல்லை.

புரிகிறதா? அணுக்காட்டுக்காரர்கள் மற்றவர்களைவிடத் திறமைசாலிகளா என்பது வேறு விஷயம். அவர்களிடம் ஒரு தட்டு இருந்தது. இவர்களிடம் இல்லை. ஒன்று என்ற எண்ணுக்கும் பூஜ்யம் என்ற எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், ஆயிரத்துக்கும் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது.

பணக்கார நாடுகளில் கதை வேறு. பிரான்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளில் அங்கே 'ப்ராக்ரெசிவ் ராக்' பைத்தியம் பிடித்து அலைந்தது. மூன்று நிமிடப் பாட்டெல்லாம் பத்தாது, பத்துப் பதினைந்து நிமிடம் ஓட வேண்டும், அதில் ஜாஸும் வேண்டும், சிம்பொனியும் வேண்டும் என்கிற ரகம். 'ஸாண்ட்ரோஸ்' என்று ஒரு குழு, 1972-ல் ஒரே ஒரு ஆல்பம். விற்கவில்லை, கலைந்தார்கள். அதில் பாடிய பெண்தான் பத்து வருடம் கழித்து ரோஸ் லாரன்ஸ் என்ற பெயரில் 'ஆஃப்ரிகா' என்ற பாட்டால் ஐரோப்பாவையே கலக்கினார். ஒரே தட்டோடு மூட்டை கட்டின குழுக்கள் அங்கே இன்னும் எத்தனையோ. ஆனால் ஒரு தட்டாவது மிஞ்சியது. ரசிகன் தேடிப் போக ஒரு முகவரி இருந்தது.

நம்மிடமும் அப்படி ஓர் அதிசயம் நடந்தது. ரூபா பிஸ்வாஸ் என்ற கல்கத்தாப் பெண். 1981-ல் கனடாவின் கால்கரிக்குப் போன இடத்தில் சரோத் கலைஞர் ஆஷிஷ் கான் குழுவினரோடு சேர்ந்து 'டிஸ்கோ ஜாஸ்' என்று ஒரு ஆல்பம் பாடினார். 1982-ல் இந்தியாவில் வந்தது. படு தோல்வி. அதோடு அவர் குடும்பம், குழந்தை என்று இருந்துவிட்டார். ஏறத்தாழ நாற்பது வருடம் போன பிறகு அவருடைய மகன் இணையத்தில் பார்த்தால், அம்மாவின் பாட்டை லட்சக்கணக்கான பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பழைய தட்டு நூற்றுக்கணக்கான டாலருக்கு விலை போகிறது! 2019-ல் சிகாகோவின் 'நூமெரோ குரூப்' அதை முறையாக மறுபதிப்பு செய்தது.

'பம்பாய், கல்கத்தா, கனடா... இதெல்லாம் நமக்கெதுக்குங்க?' என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தொண்டாமுத்தூருக்கு வாருங்கள், சொல்கிறேன்.

கோவைக்கு மேற்கே, மலையைப் பார்த்தபடி, பாக்குத்தோப்பும் தென்னந்தோப்புமாக இருக்கிற ஊர். என் மாமா ஒருவர் அங்கே இருந்தார். கோயில் நோன்பு என்றால் எங்களுக்கு அங்கேதான் ஜாகை. துடும்பு அடித்தால் நெஞ்சுக்கூடு அதிரும். அப்புறம் வள்ளி கும்மி. வாத்தியார் நடுவில் நின்று ஒரு அடி பாடிக்கொடுக்க, சுற்றி நிற்பவர்கள் அதை வாங்கிப் பாடிக்கொண்டே சுழன்று ஆடுவார்கள். ஒரு பாட்டு கால் மணி, அரை மணி போகும். தாளம் மெதுவாக ஆரம்பித்து, ஏறி, மாறி, உச்சத்துக்குப் போகும். பிரெஞ்சுக்காரன் எதற்கு ப்ராக்ரெசிவ் என்று பெயர் வைத்தானோ, அதை எங்கள் ஊர் கும்மி வாத்தியார் மைக் இல்லாமல் செய்துகொண்டிருந்தார்.

மாமா ஒரு வருஷம் டேப் ரெக்கார்டரைக் கொண்டுபோய் அந்தக் கும்மியைப் பதிவு செய்து வைத்தார். கேசட்டின் பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் காதையும் உடைத்துவிட்டார். காதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. அவர் ஜாக்கிரதையான ஆள்.

ஆனால் உடைத்த ஓட்டையில் காகிதத்தை மடித்துச் செருகினால் மறுபடி பதியலாம் என்பது அந்தக் காலத்துக் கல்லூரிப் பையன்கள் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். 1999-ல் அந்தக் கேசட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, காகிதத்தைச் செருகி, ரஹ்மான் பாட்டுகளைப் பதிந்துகொண்டேன். புதுக் கேசட்டுக்குக் காசில்லை. அதான் காரணம், வேறு பெரிய காரணமெல்லாம் இல்லை.

மாமா ஒருநாள் கேட்டபோது உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "போச்சா கண்ணு? செரி, உடு" என்றார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

2024-ல் மேட்டுப்பாளையம் பக்கத்து வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்திரப்பனுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். 87 வயதில். செய்தியைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. கூடவே அந்தக் கேசட் ஞாபகம் வந்து உறுத்தியது. பரணில் தேடி எடுத்தேன். ஓடுகிற டேப் ரெக்கார்டர் ஒன்றைக் கடன் வாங்கி, போட்டுக் கேட்டேன்.

ரஹ்மான் பாட்டுகள் வரிசையாக ஓடின. கடைசிப் பாட்டு முடிந்தது. ஒரு 'டொக்'. நான் அன்றைக்குப் பதிவை நிறுத்திய சத்தம். அதற்கப்புறம் நாடாவில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. அதை நான் அழிக்கவில்லை. தாளம், சலங்கை, கணீரென்று ஒரு ஆண் குரல். முழுசாக அரை நிமிடம்கூட இல்லை. நாடா தீர்ந்து நின்றுவிட்டது.

இன்றைக்கு தொண்டாமுத்தூரில் கும்மி நடந்தால் நூறு செல்போன்கள் உயர்கின்றன. பதிவு செய்யக் கால் காசு செலவில்லை. என் பி.காம். கணக்கெல்லாம் செல்லாது. ஆனால் யார் பாடுகிறார் என்று எத்தனை பேர் கேட்டு வைத்துக்கொள்கிறார்கள்? லாஸ் ஏஞ்சலீஸ்காரர் கீத் காங்காவைத் தேடிப் போக முடிந்ததற்கு, தட்டின் உறையில் குழுவின் பெயர் அச்சாகியிருந்தது ஒரு காரணம். அடுத்த முறை நீங்கள் போனைத் தூக்கும்போது, பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் பாடுகிறவர் பெயர், ஊர், தேதி, இந்த மூன்றையும் உங்கள் வாயால் சொல்லிவிட்டுப் பதியுங்கள். ஐந்து விநாடி ஆகும். அவ்வளவுதான்.

என் கேசட்டின் அட்டையில் மாமா கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறது. 'கும்மி'.

மாமா இப்போது இல்லை. அந்தக் கணீர்க் குரல் யாருடையது என்று கேட்க, எனக்குத் தெரிந்து யாரும் மிச்சமில்லை.