காணி முதல் பங்களிப்பு வரை: பள்ளி ஆசிரியர் ஓய்வூதிய வரலாறு குறித்த ஒரு மறுநோக்கு

தமிழக ஆசிரியர் ஓய்வூதியம் குறித்த உரையாடல்கள் பெரும்பாலும் 2003ஆம் ஆண்டில் தொடங்குகின்றன. அதற்கு முந்தையது 'பழைய திட்டம்', பிந்தையது 'புதிய திட்டம்' என்னும் வழக்கும் நிலைபெற்றுவிட்டது. வரலாற்று நோக்கில் இப்பெயரீடு பொருந்தாது என்பது இக்கட்டுரையின் கருத்து.

வாலாஜாபாத்திற்கு அண்மையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்துக் (11ஆம் நூற்றாண்டு) கல்வெட்டொன்று உள்ளது. கல்விச்சாலை ஆசிரியர்க்கும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையின் பணியாளர்க்கும் அளந்த நெல்லையும் காசையும் அது பதிவு செய்கிறது. அங்கிருந்த மருத்துவர் தம் பணியைத் தமக்கும் தம் வழியினர்க்கும் உரிய காணியாகப் பெற்றிருந்தார். காணியுரிமை உள்ளவிடத்து ஒருவரின் முதுமையோடு வருவாய் அற்றுப்போவதில்லை. பணி குடும்பத்துக்குள்ளேயே கைமாறும். மாத ஊதியத்தை மட்டுமே நம்பிய ஆசிரியர் வகுப்பு உருவான பின்னரே ஓய்வுக்கால வருவாய் தனிச் சிக்கலாயிற்று.

அச்சிக்கல் உதவிபெறும் பள்ளிகளில் கூர்மையாக வெளிப்பட்டது. அரசுப் பள்ளி ஆசிரியர்க்கு ஓய்வூதியம் இருந்தது; தனியார் நிர்வாகப் பள்ளி ஆசிரியர்க்குப் பொதுவாக வருங்கால வைப்புநிதியே வாய்த்தது. அதாவது, தாமும் செலுத்திப் பிறரும் செலுத்திச் சேர்ந்த ஒரு தொகை ஓய்வுநாளில் கையில் தரப்படும், அதன்பின் ஒன்றுமில்லை. ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952–53) இக்குறையைக் களைய வைப்புநிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றையும் இணைத்த முப்பயன் திட்டத்தைப் பரிந்துரைத்தது. இளமையில் இறப்பவரின் குடும்பத்துக்குக் காப்பீடு, நீண்டு வாழ்பவர்க்கு ஓய்வூதியம், உடனடித் தேவைக்கு வைப்புநிதி என மூவகை இடர்களையும் அது தனித்தனியே எதிர்கொண்டது. காமராசர் முதலமைச்சராகவும் சி. சுப்பிரமணியம் கல்வியமைச்சராகவும் இருந்த காலத்தில், 1955இல், சென்னை மாநிலம் இந்தியாவிலேயே முதலாவதாக இதனை நடைமுறைப்படுத்தியது. மதிய உணவுத் திட்டத்தைப் பேசும் அளவுக்கு நம் கல்வி வரலாறுகள் இதனைப் பேசுவதில்லை.

2003 சூலையில் ஓய்வுக்காலப் பயன்கள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தனர். பெருந்திரளானோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்க்கு உரிமையில்லை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் 2003 ஆகஸ்ட் 6. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கான நிதித்துறை அரசாணை 259இன் நாளும் அதுவே. 1.4.2003 முதல் பணியேற்றோர் அனைவரையும் பின்னோக்கி அது கட்டுப்படுத்தியது. ஊழியர் அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காடு செலுத்த, அரசும் அதே அளவு செலுத்தியது. ஒன்றிய அரசின் ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையத்தில் தமிழகம் இணையாமையால், ஓய்வுபெற்றோர்க்கு மாத ஓய்வூதியம் கிட்டவில்லை. சேர்ந்த தொகை வட்டியுடன் திரும்பியது.

இருவரும் செலுத்துதல், ஓய்வில் ஒரே தொகை, பின்னர் ஏதுமின்மை: இவை 1955க்கு முந்தைய உதவிபெறும் பள்ளி ஆசிரியரின் நிலையை ஒத்தவை. அன்று பிரிவினைக்கு அளவுகோல் நிர்வாகம். 2003க்குப் பின் பணியேற்ற தேதி. ஒரே பள்ளியில் ஒரே பாடத்தைக் கற்பிக்கும் இருவர் இருவேறு முதுமைகளை நோக்கிச் சென்றனர். தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட பகுதிநேர ஆசிரியர் இக்கணக்கிலேயே இடம்பெறவில்லை. 2025 பிப்ரவரியில் அமைக்கப்பட்ட ககன்தீப் சிங் பேடி குழுவின் ஆய்வுக்குப் பழைய திட்டம், பங்களிப்புத் திட்டம், ஒன்றிய அரசின் ஒருங்கிணைந்த திட்டம் ஆகிய மூன்றும் வைக்கப்பட்டன. முப்பயன் திட்டம் அப்பட்டியலில் இல்லை.