கறையற்ற ஞாயிறும் வரலாற்றுச் சான்றும்

1610, 1611ஆம் ஆண்டுகளில் தொலைநோக்கி ஞாயிற்றை நோக்கித் திருப்பப்பட்டபோது, அதன் முகத்திற் கரும்புள்ளிகள் காணப்பட்டன. கலிலியோவும் சைனரும் அவற்றின் இயல்பு பற்றிக் கடுமையாக வாதிட்டனர். வாதம் ஓய்ந்து சில பத்தாண்டுகள் கழிவதற்குள் புள்ளிகளே ஏறத்தாழ மறைந்துபோயின. 1645 முதல் 1715 வரையான எழுபது ஆண்டுகளில் அவை மிக அரிதாகவே தோன்றின. 1684இல் ஒரு புள்ளியைக் கண்ட பிளாம்ஸ்ரீட், 1676 திசெம்பருக்குப் பின்னர் தாம் கண்டது அதுவொன்றே என எழுதிவைத்தார்.

இச்செய்தி நெடுங்காலம் பொருட்படுத்தப்படவில்லை. புள்ளிகள் ஏறக்குறையப் பத்தாண்டுக்கொருமுறை பெருகிக் குறைவதை ஜேர்மனியரான சுவாபே 1843இல் வெளியிட்டார். அதன் பின்னர் ஞாயிறு ஒழுங்கு தவறாத கடிகாரம் என்னும் எண்ணம் வேரூன்றியது. ஸ்போரர் 1880களின் இறுதியிலும், கிரீனிச் அவதான நிலையத்தைச் சேர்ந்த மோண்டர் 1890களிலும் பழைய ஏடுகளைக் காட்டி இதனை மறுத்தனர். மோண்டர் 1922இல் மீண்டும் எழுதினார். கேட்பார் மிகச் சிலரே. அக்காலக் கருவிகள் குறைபாடுடையவை, நோக்கியவர்களும் சிலரே, ஆதலின் காணாமை இன்மையாகாது என்பதே எதிர்வாதம். வரலாறு கற்போர் எவரும் எளிதிற் புறந்தள்ளக்கூடிய வாதமன்று இது. குறிப்பு இல்லாதவிடத்து நிகழ்ச்சியும் இல்லையென்று துணிவது எத்துணை இடர்மிக்கது!

இவ்வினாவை 1976இல் அமெரிக்கரான ஜோன் எடி நேர்கொண்ட முறை வரலாற்றாசிரியனது முறையேயாகும். நோக்குவோர் இல்லாதிருந்தனரா என்பதே அவர் முதலில் ஆராய்ந்தது. பாரிசு அவதான நிலையம் 1667இலும், கிரீனிச் 1675இலும் நிறுவப்பட்டன. சனியின் வளையத்திலுள்ள இடைவெளியையே 1675இற் கண்டறிந்த கசீனிக்கு ஞாயிற்றுப் புள்ளி தென்பட்டிராது என்பது நம்பத்தக்கதன்று. அவர் 1671இல் ஒரு புள்ளியைக் கண்டபோது இலண்டன் றோயல் கழகத்தின் சஞ்சிகை அதனைத் தனிச் செய்தியாக வெளியிட்டது. அன்றாட நிகழ்ச்சியை எவரும் அவ்வாறு வெளியிடார். 1656இற் பிறந்த ஹலி, துருவ ஒளியை முதன்முதலிற் கண்டது 1716இலேதான். வெறுங்கண்ணாற் புள்ளிகளைக் கண்டெழுதிய கீழைத்தேயக் குறிப்புகளும் அவ்விடைக்காலத்தில் அருகியே உள்ளன.

மனிதர் எழுதாத சான்று மரங்களில் இருந்தது. ஞாயிற்றிலிருந்து வீசும் துணிக்கைக் காற்றும் அது சுமந்துவரும் காந்தப்புலமும் அண்டக்கதிர்களை ஓரளவு தடுக்கின்றன. ஞாயிறு அமைதியுற்றால் அத்தடை தளர, வளிமண்டலத்தில் மிகுதியான கதிர்கள் புகுந்து காபன் 14ஐப் பெருக்கும். மரங்கள் அதனைத் தம் ஆண்டு வளையங்களில் ஏற்கும். கி. பி. 1700ஐ அண்டிய வளையங்களில் அது மிகுந்திருப்பதை ஒல்லாந்தரான டி விரீஸ் 1958இலேயே காட்டியிருந்தார். ஏடும் மரமும் ஒன்றையே கூறியபின் ஐயத்திற்கு இடம் குறைந்தது. எடி அக்காலத்திற்கு மோண்டரின் பெயரையே சூட்டினார். மோண்டர் இறந்து அப்போது நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

2008, 2009ஆம் ஆண்டுகளில் ஞாயிறு ஓரளவு ஓய்ந்தபோது இதன் சிறு வடிவம் நேரிற் காணப்பட்டது. துணிக்கைக் காற்றின் அழுத்தம் 1990களின் நடுப்பகுதியிலிருந்ததைவிட ஏறத்தாழ நூற்றுக்கு இருபது வீதம் தாழ்ந்ததை யுலிசீஸ் விண்கலம் அளந்தது. புவியின் மேல்வளிமண்டலம் குளிர்ந்து சுருங்கியது. உராய்வு குறையவே செய்மதிகளும், அவற்றோடு பயனற்ற விண்குப்பைகளும் நெடுங்காலம் சுற்றிவரலாயின. காந்தக் கவசமற்ற வெள்ளியின் நிலை வேறு. பகற்புறத்தில் ஞாயிற்றொளியால் உண்டாகும் அயன்களே அதன் இராப்புறத்திற்குப் பாய்கின்றன. ஞாயிறு உச்சத்திலிருந்து தணிந்துவந்த 1992இல், அழியுந்தறுவாயிலிருந்த பயனியர் விண்கலம் அவ்விராப்புற அயன்படை மெலிந்திருக்கக் கண்டது.

தேம்சு நதி உறைந்த 1683–84ஆம் ஆண்டுக் கடுங்குளிரை ஞாயிற்றின் அமைதியோடு இணைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. கவர்ச்சியான கூற்றெனினும் முழுமையானதன்று. ஐரோப்பாவின் குளிர் நூற்றாண்டுகள் 1645இற்கு நெடுநாள் முன்னரே தொடங்கிவிட்டன. எரிமலைகளுக்கும் அதிற் பெரும் பங்குண்டு. ஒரு சுழற்சியில் ஞாயிற்றொளி மாறும் அளவோ ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே.

அந்த எழுபது ஆண்டுகளிலும் ஞாயிறு முற்றாக உறங்கிவிடவில்லை. கிறீன்லாந்துப் பனியில் உறைந்துள்ள பெரிலியம் 10இன் அளவுகள், புள்ளிகள் தோன்றாதபோதும் காந்தச் சுழற்சி மெலிந்து தொடர்ந்ததைக் காட்டுகின்றன.