சர்க்கரைக்கொல்லி: நாவின் சான்றும் இரத்தத்தின் சான்றும்

அகத்தியர் மலைக்கு ஏறும் பாதை கேரளத்தின் போனக்காட்டில் தொடங்குகிறது. அம்மலைக்குக் கிழக்கே தமிழில் சிறுகுறிஞ்சான், சர்க்கரைக்கொல்லி என்றும், மேற்கே மலையாளத்தில் சக்கரக்கொல்லி என்றும் வழங்கப்படுவது ஒரே கொடி. ஆப்பிரிக்காவிலும் இயல்பாக வளரும் இதன் தாவரவியல் பெயர் ஜிம்னிமா சில்வெஸ்டிரி. இந்திப் பெயரான குட்மார் என்பதற்கும் வெல்லத்தை அழிப்பது என்றே பொருள். இப்பெயர்கள் குறிக்கும் சர்க்கரை எது?

நீரிழிவுக்கு இது மருந்து என்பதற்குப் பெயரையே மரபுச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் நீரிழிவு, மதுமேகம் ஆகிய பழஞ்சொற்கள் சிறுநீரைச் சுட்டுவன; இரத்தச் சர்க்கரை என்பது ஆய்வகம் தந்த கருத்து. இலையை மென்றபின் சர்க்கரை நாவில் மணலாகிவிடுவதோ எவரும் உடனே உணரத்தக்கது. பெயர் அவ்வனுபவத்தில் பிறந்தது எனக் கொள்வதே பொருத்தம்.

தொடக்ககால அறிவியல் ஆய்வும் நாவையே நாடியது. உதகமண்டலத்தில் அரசின் கொயினா வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர், 1887இல் இவ்விலையின் செயற்பொருளுக்கு ஜிம்னிமிக் அமிலம் எனப் பெயரிட்டார். இலையை மென்றால் சர்க்கரையின் இனிப்போடு கொயினாவின் கசப்பும் மறைவதாக அவர் பதிவுசெய்தார்.

1930இல் மாஸ்கரும் கையஸும் விலங்குகளில் இவ்விலை இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாக அறிவித்தனர். 1990இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் மனிதரிடம் செய்த சோதனைகளை வெளியிட்டனர். இன்சுலின் சாராத நீரிழிவு கொண்ட 22 பேர், வழக்கமான மாத்திரைகளுடன் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இலைச்சாற்றுப் பொடியை 18 முதல் 20 மாதங்கள் உட்கொண்டனர். இரத்தச் சர்க்கரை குறைந்தது; ஐவர் மாத்திரைகளை நிறுத்த முடிந்தது. இன்சுலின் சார்ந்த 27 பேரிடம் இன்சுலின் தேவை குறைந்தது.

இம்முடிவுகள் நம்பிக்கை தருவன. எனினும் பங்கேற்றோர் சிலரே. குலுக்கல் முறைப் பிரிப்பும் போலி மருந்து ஒப்பீடும் இல்லை. கணையம் தூண்டப்படுகிறதா, குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவது தடைபடுகிறதா என்பதும் இன்னும் விவாதத்துக்குரியதே.

நாட்டுப்பெயர் ஓர் உண்மையான அவதானிப்பின் ஆவணம். அது நாவைப் பற்றிச் சொன்னதை இரத்தத்தைப் பற்றியதாகப் படித்து, இன்சுலினைக் கைவிடும் நோயாளிக்கு நேர்வது உயிரிழப்பாகவும் இருக்கலாம். மரபறிவை மதிப்பது என்பது, அது எதை அறிந்திருந்தது என்பதைப் பிழையின்றிப் படிப்பதும் ஆகும்.