எஸ்ஆர்ஒய் மரபணுவும் பறிபோன பதக்கமும்

1. மாகறல் கோயிலுக்குப் போனவங்களுக்கு பொன் உடும்பு கதை தெரிஞ்சிருக்கும். ராஜா துரத்த, உடும்பு புற்றுக்குள்ள போய் மறைஞ்சுது. லிங்கமே உடும்பு வால் மாதிரி இருக்கும்னு சொல்வாங்க. உடும்பு இனத்துல குஞ்சு ஆணா பெண்ணான்னு முடிவு பண்றது தாயோட முட்டை. மனுஷங்க விஷயத்துல அது தலைகீழ். அப்பாவோட விந்தணுவுல எக்ஸ் வருதா, ஒய் வருதாங்கிறதுதான் கணக்கு. "மூணாவதும் பொண்ணு பெத்துட்டா"ன்னு மருமகளைத் திட்டுற வீடுகளுக்கு இதை முதல்ல சொல்லிடுறேன்.

2. ஒய் குரோமோசோம்தான் ஆண் உடலுக்கான திருப்பம்னு 1959-லயே தெரிஞ்சுது. எக்ஸ்எக்ஸ்ஒய் இருந்தா ஆண் உடல், ஒத்தை எக்ஸ் மட்டும் இருந்தா பெண் உடல். சரி, ஒய்ல எந்த மரபணு? அதைக் கண்டுபிடிக்க இன்னும் 30 வருஷம் ஆச்சு. 1987-ல அமெரிக்காவில் டேவிட் பேஜ் குழு ஒரு மரபணுவைக் காட்டினாங்க. ரெண்டே வருஷத்துல அது இல்லைன்னு ஆயிடுச்சு.

3. 1990-ல லண்டன்ல பீட்டர் குட்ஃபெலோ, ராபின் லவல்-பேட்ஜ் ரெண்டு பேரோட குழுக்களும் சேர்ந்து சரியான மரபணுவைப் பிடிச்சாங்க. அந்த ஆய்வுக் கட்டுரையோட முதல் ஆசிரியர் ஆண்ட்ரூ சின்க்ளேர். பெயர் எஸ்ஆர்ஒய். அடுத்த வருஷமே எக்ஸ்எக்ஸ் எலிக் கருவுல இந்த ஒரு மரபணுவை மட்டும் சேர்த்துப் பார்த்தாங்க. அது ஆண் எலியா வளர்ந்துச்சு.

4. இது எப்படி வேலை செய்யுது? கரு உருவாகி சுமார் 6 வாரம் வரைக்கும் எல்லாருக்கும் ஒரே மாதிரி பாலுறுப்பு மொட்டுதான். அது விதைப்பையாவும் ஆகலாம், சினைப்பையாவும் ஆகலாம். அந்த நேரத்துல எஸ்ஆர்ஒய் கொஞ்ச நாள் விழிச்சுக்கும். அது உண்டாக்குற புரதம் 204 அமினோ அமிலம் மட்டுமே. அது டிஎன்ஏ மேல உட்கார்ந்து, அதை வளைச்சு, சாக்ஸ்-9ங்கிற இன்னொரு மரபணுவைத் தூண்டிவிடும். மத்த மரபணுக்களை இப்படி ஆன், ஆஃப் பண்ற புரதங்களைத்தான் படியெடுத்தல் காரணிகள்னு சொல்றோம்.

5. காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இது சுலபமா புரியும். ஜக்கார்டு பெட்டியில இருக்கிற அட்டை நூல் நூற்காது, சாயம் போடாது. எந்தப் பாவு இழை எப்போ தூக்கணும்னு மட்டும் சொல்லும். எஸ்ஆர்ஒய் அந்த வரிசையில ஒரு அட்டை. அட்டை சரியா இருந்தும் தறியில வேற இடத்துல சிக்கினா புட்டா வேற மாதிரி விழும்.

6. உடம்புலயும் அப்படி நடக்கும். எஸ்ஆர்ஒய் இருக்கும், விதைப்பை ஆண் ஹார்மோனைச் சுரக்கும், ஆனா அதை வாங்குற ஏற்பி வேலை செய்யாது. குழந்தை பெண் உடலோட பிறக்கும், பெண்ணா வளரும். வயசுக்கு வரலையேன்னு டாக்டர்கிட்ட வரும்போதுதான் பலருக்கே தெரியும். எஸ்ஆர்ஒய் துண்டு எக்ஸ் குரோமோசோம்ல ஒட்டிக்கிட்டதால, எக்ஸ்எக்ஸ் ஆண்களும் உண்டு.

7. இனி விளையாட்டுக்கு வருவோம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ல பெண்களுக்குக் குரோமோசோம் பரிசோதனை நடந்துச்சு. 1985-ல ஸ்பெயினோட மரியா ஹோசே மார்ட்டினெஸ்-பட்டினோ அதுல தோத்தாங்க. அவங்களுக்கு இருந்தது நான் மேல சொன்ன ஏற்பிக் கோளாறு. ஆண் ஹார்மோனே வேலை செய்யாத உடம்பு. போராடி 1988-ல திரும்பத் தகுதி வாங்கினாங்க.

8. எஸ்ஆர்ஒய் கண்டுபிடிச்ச ரெண்டே வருஷத்துல, 1992 ஆல்பர்ட்வில் குளிர்கால ஒலிம்பிக்ல அதையே பரிசோதனை ஆக்கிட்டாங்க. 1996 அட்லாண்டாவுல 3387 வீராங்கனைகளைச் சோதிச்சாங்க. 8 பேருக்கு எஸ்ஆர்ஒய் இருந்துச்சு. விசாரிச்சுட்டு எட்டுப் பேரையும் ஓட விட்டாங்க. 1999-ல ஒலிம்பிக் கமிட்டி எல்லாருக்குமான சோதனையை நிறுத்திடுச்சு. சந்தேகம் வந்தா மட்டும் சோதிக்கலாம்னு கதவைப் பாதி திறந்து வெச்சாங்க.

9. அந்தப் பாதிக் கதவு வழியாத்தான் நம்ம ஊர்ப் பொண்ணு மாட்டினாங்க. சாந்தி சௌந்தரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பம். 2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டு, 800 மீட்டர்ல வெள்ளி. அடுத்து பாலினப் பரிசோதனை. பதக்கம் போச்சு. ஒரு டாக்டர் உட்கார்ந்து பக்குவமா சொல்ல வேண்டியதை ஊரே டிவியில பார்த்துச்சு.

10. அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் கொடுத்தார். அந்தப் பணத்துல சாந்தி பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தாங்க. நடுவுல சூளை வேலைக்கே திரும்பிப் போன காலமும் உண்டு. பின்னாடி தமிழக அரசோட தடகளப் பயிற்சியாளர் ஆனாங்க. பதக்கம் மட்டும் இன்னும் வரலை.

11. 2025 செப்டம்பர் 1 முதல் உலக தடகள அமைப்பு எஸ்ஆர்ஒய் சோதனையைக் கட்டாயமாத் திரும்பக் கொண்டுவந்திருக்கு. பெண்கள் போட்டி நியாயமா நடக்கணும்ங்கிறது ஞாயமான கவலை, அதை நான் மறுக்கலை. ஏற்பி முழுசா வேலை செய்யாதவங்களுக்கு இந்த முறை விலக்கும் உண்டு. ஆனா இந்தச் சோதனை மரபணு இருக்கா, இல்லையான்னு மட்டும்தான் சொல்லும். அது வேலை செஞ்சுதா, ஹார்மோன் சுரந்துதா, உடம்பு அதை ஏத்துக்கிச்சான்னு சொல்லாது. இதை எதிர்த்து எழுதினவர்கள்ல ஒருத்தர், மரபணுவைக் கண்டுபிடிச்ச அதே சின்க்ளேர்.

12. இது ஒலிம்பிக்கோட முடியற கதை கிடையாது. பிரசவ வார்டுல பிறப்புறுப்பு தெளிவா இல்லாம குழந்தை பிறக்கிறது எப்பவாவது நடக்கும். 2019 ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு ஆண், பெண் ஆக்குற அறுவை சிகிச்சையைத் தடை பண்ணச் சொல்லுச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு ஆணை போட்டுச்சு. இந்தியாவுலயே முதல் மாநிலம் நாமதான். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் விதிவிலக்கு.

13. அதனால, உங்க வீட்டுலயோ தெரிஞ்ச வீட்டுலயோ இப்படி ஒரு குழந்தை பிறந்தா ரெண்டு விஷயம். ஒண்ணு, ஆணா பெண்ணான்னு அன்னைக்கே சொல்லச் சொல்லி டாக்டரை நெருக்காதீங்க. குரோமோசோம், ஹார்மோன், ஸ்கேன் எல்லாம் பார்க்க நாள் ஆகும். பேரு வைக்கிறது காத்திருக்கலாம்.

14. ரெண்டாவது காத்திருக்கவே கூடாதது. இதுல சில குழந்தைகளுக்கு அட்ரினல் சுரப்பிக் கோளாறு இருக்கும். முதல் சில வாரங்கள்லயே உடம்புல உப்பு குறைஞ்சு, வாந்தி எடுத்து, துவண்டு, உயிரே போகலாம். ரத்தத்துல சோடியம், பொட்டாசியம் பார்த்து மருந்து ஆரம்பிச்சா பிழைச்சுக்கும். ஊர் என்ன சொல்லும்னு வெட்கப்பட்டு குழந்தையை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வாங்க. முதல்ல குழந்தை பிழைக்கட்டும்.